நீலக்கோழியின் கணக்கு

ஆண்டலூசியன் என்றொரு கோழியினம் உண்டு. தென் ஸ்பெயினின் பெயரைச் சுமந்திருந்தாலும், இன்று நாம் படங்களில் காணும் உருவத்தை அதற்குக் கொடுத்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேயக் கோழி வளர்ப்பாளர்களே. மழைக்கு முந்தைய மேகத்தின் நிறம். ஒவ்வோர் இறகின் விளிம்பிலும் மை தீட்டியதுபோல் கரும் ஓரம். கண்காட்சிகளில் பரிசு பெறும் பறவை அது. ஆனால் அதை வளர்த்தவர்களுக்குத் தீராத மனக்குறை ஒன்று இருந்தது. எவ்வளவு நல்ல நீலச் சேவலை எவ்வளவு நல்ல நீலப் பெட்டையோடு சேர்த்தாலும், குஞ்சுகளில் பாதியே நீலமாக வரும். மீதியில் ஒரு பாதி கரி நிறம். மறு பாதி, அங்கங்கே நீலச் சாயல் தெறித்த அழுக்கு வெள்ளை. இரத்தத்தில் இன்னும் மாசு இருக்கிறது, கழித்துக் கட்டினால் தூய்மை வந்துவிடும் என்று அவர்கள் நம்பினார்கள். தலைமுறை தலைமுறையாகக் கறுப்பையும் வெள்ளையையும் கழித்தார்கள். விகிதம் அசையவில்லை.

இந்தப் பிடிவாதத்தைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்து இங்கிலாந்தைச் சற்று நினைவில் கொள்ள வேண்டும். சேவற்சண்டை சட்டத்தால் விலக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம். 1835-இல் ஒரு சட்டம், 1849-இல் இன்னொன்று. களத்தில் மோதிக்கொண்ட பறவைகளின் இடத்தில், கூண்டில் நின்று அழகு காட்டும் பறவைகள் வந்தன. சீனத்திலிருந்து வந்த கொச்சின் கோழிகள் விக்டோரியா அரசியின் பறவைக்கூடத்தில் இடம்பெற, அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் கோழிப் பித்து பரவியது. 1865-இல் ஒவ்வோர் இனத்துக்கும் இறகு இப்படி, கொண்டை இப்படி, கால் நிறம் இப்படி என்று வரையறுத்த நூலே ஆங்கிலத்தில் வெளிவந்தது. செய்யுளுக்கு யாப்பிலக்கணம் போலக் கோழிக்கு ஓர் இலக்கணம். தளை தட்டிய குஞ்சு அடுப்படிக்குப் போயிற்று.

அந்த வளர்ப்பாளர்களிடம் பாடம் கேட்டவர்களில் முதன்மையானவர் சார்லஸ் டார்வின். புறா ஆய்வுகளால் பலரும் அவரை அறிவர்; கோழிகளையும் அவர் கலப்புச் செய்து பார்த்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கறுப்பு ஸ்பானியச் சேவலையும் வெள்ளைப் பட்டுக்கோழிப் பெட்டையையும் சேர்த்தபோது பிறந்தவற்றுள் ஒரு சேவல், தாயையும் தந்தையையும் ஒத்திராமல், செந்நிறக் காட்டுக்கோழியின் ஒளிர்வோடு வளர்ந்து நின்றது. 1868-இல் வந்த நூலில் இதை அவர் விரிவாகவே எழுதியிருக்கிறார். மறைந்துபோன மூதாதை மீண்டு வந்ததாக அவர் அதைப் படித்தார். வளர்ப்புக் கோழிகள் அனைத்தும் அந்த ஒரே காட்டினத்தின் வழிவந்தவை என்ற அவர் கருத்துக்கு அது சான்றாயிற்று. மெண்டலின் பட்டாணிக் கட்டுரை அதற்கு இரண்டாண்டு முன்பே, 1866-இல், அச்சாகியிருந்தது. டார்வினின் கோழிப்பட்டியிலும் அதே கணக்குதான் நடந்துகொண்டிருந்தது. குஞ்சுகளை வகைபிரித்து எண்ண வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

எண்ணியவர் வில்லியம் பேட்சன். கேம்பிரிட்ஜில் நெடுங்காலம் அவருக்கு முறையான பேராசிரியப் பதவி கிடைக்கவில்லை. செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் சமையற்கூட நிர்வாகம் அவர் பிழைப்புகளில் ஒன்றாக இருந்தது. மரபியலுக்குப் பின்னர் அந்தப் பெயரையே சூட்டப்போகும் மனிதர் கல்லூரி உணவு மேசைக்குப் பொறுப்பாளராக இருந்தார் என்பதை எண்ணும்போது நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டாகிறது; கோழியை அவர் இரு வழியாகவும் அறிந்திருப்பார். கேம்பிரிட்ஜை அடுத்த கிராண்ட்செஸ்டர் சிற்றூரில், வீட்டைச் சுற்றிய தோட்டத்தில் அவர் பட்டாணியும் கோழியும் வளர்த்தார். மெண்டலின் கட்டுரை 1900-இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தபோது, அதைச் சோதிக்கத் தேவையான பறவைகள் அவர் பட்டியில் ஏற்கெனவே இருந்தன. லண்டன் செல்லும் இரயிலில் அக்கட்டுரையைப் படித்து அக்கணமே ஞானம் பெற்றார் என்பது நெடுநாள் சொல்லப்பட்டு வந்த கதை. வரலாற்றாசிரியர்கள் அதை ஐயுறுகிறார்கள். நமக்கும் அந்த இரயில் தேவையில்லை, கோழிப்பட்டி போதும்.

அந்தப் பட்டி தனி ஒருவரால் நடந்ததன்று. மனைவி பியாட்ரிஸ் கோழிகளைப் பராமரிப்பதிலும் பதிவேடுகளிலும் பங்கு கொண்டார். நியூன்ஹாம் மகளிர் கல்லூரியின் எடித் ரெபேக்கா சாண்டர்ஸ் செடிகளைப் பார்த்துக்கொண்டார். 1902-இல் இராயல் சங்கத்துக்கு அளிக்கப்பட்ட அறிக்கையில் பேட்சனின் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது. மெண்டலின் விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்று முதலில் காட்டிய ஆவணங்களில் அது ஒன்று. அதே ஆண்டில் பிரான்சில் லூசியன் க்யுனோ சுண்டெலிகளின் நிறத்தில் அதையே கண்டிருந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அன்று பெண்களுக்குப் பட்டம் வழங்கவில்லை. முழு உரிமையுள்ள பட்டத்துக்கு அவர்கள் 1948 வரை காத்திருந்தார்கள். தகுதியிருந்தும் வேறு கதவு திறக்காத பெண்கள், மரியாதைக்குரியதென்று இன்னும் ஏற்கப்படாத ஒரு துறைக்கு வந்து சேர்ந்தார்கள் என்றுதான் இதைச் சொல்லத் தோன்றுகிறது. பணமும் ஒரு பெண்ணிடமிருந்தே வந்தது. ஓவியர் கிறிஸ்டியானா ஹெர்ரிங்ஹாம் அளித்த நன்கொடையே ரெஜினால்டு பன்னெட் என்ற இளைஞரைப் பேட்சனின் கூட்டாளியாக அழைக்க வழி செய்தது. அஜந்தா குகை ஓவியங்களைப் படியெடுக்கச் சில ஆண்டுகள் கழித்து இந்தியா வந்தவரும் இந்த ஹெர்ரிங்ஹாம்தான்.

ஆண்டலூசியனின் புதிர் இவர்கள் கையில் அவிழ்ந்தது. நிறத்தைத் தீர்மானிக்கும் காரணி ஒவ்வொரு பறவையிலும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று தாய்வழி, ஒன்று தந்தைவழி. இரண்டும் கறுப்புக்கு உரியவையானால் கறுப்பு. இரண்டும் மற்ற வகையானால் தெறித்த வெள்ளை. ஒன்றும் ஒன்றுமாகச் சேர்ந்தால் நீலம். நீலத்துக்கென்று தனிக் காரணி கிடையாது. இரண்டு வேறுபட்ட காரணிகளின் சந்திப்புக்கு நீலம் என்று பெயர். ஆகவே இரண்டு நீலங்கள் கூடினால் நான்கில் ஒன்று கறுப்பு, இரண்டு நீலம், ஒன்று வெள்ளை. தூய நீல ஆண்டலூசியன் என்பது இருக்கவே முடியாத பொருள்.

இதிலிருந்து பிறந்த அறிவுரைதான் வளர்ப்பாளர்களைத் திகைக்க வைத்திருக்க வேண்டும். உங்களுக்கு எல்லாக் குஞ்சுகளும் நீலமாக வேண்டுமா? நீலத்தைத் தொடாதீர்கள். நீங்கள் இத்தனை நாள் வெட்கத்தோடு கழித்த கறுப்பையும் அழுக்கு வெள்ளையையும் ஒன்றாகச் சேருங்கள். ஒரு குஞ்சுகூடத் தவறாமல் நீலம் வரும். அவ்வாறே வந்தது. ஐம்பது ஆண்டுகள் குப்பையென்று கொல்லப்பட்டவையே அந்த அழகின் மூலப்பொருள் என்பதை எண் காட்டிக்கொடுத்தது. தூய்மை என்ற சொல்லை மனிதக் கூட்டத்துக்கும் பொருத்திப் பேசிய காலம் அது. நற்பிறப்பியல் என்ற பெயரில் கால்ட்டனின் இயக்கம் அப்போதுதான் வலுப்பெற்றுக்கொண்டிருந்தது. பன்னெட்டுக்கே அந்த இயக்கத்தில் ஈடுபாடு இருந்தது. தன் நீலக்கோழி சொன்னதை அவர் அந்தப் பக்கம் திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை.

வெள்ளையும் ஒரே பொருளன்று என்று விரைவில் தெரியவந்தது. லெக்ஹார்ன் இனத்தின் வெள்ளை ஓங்குபண்பு. நிறமுள்ள கோழியோடு சேர்த்தால் குஞ்சுகள் பெரும்பாலும் வெள்ளையாகவே வரும், ஒன்றிரண்டு கறும்புள்ளிகளோடு. பட்டுக்கோழியின் வெள்ளை ஒடுங்குபண்பு. நிறமுள்ள துணை கிடைத்ததும் அது பின்வாங்கிவிடும். டார்வினின் பட்டுக்கோழிப் பெட்டை ஒரு திரைக்குப் பின்னால் தன் நிறங்களை ஒளித்து வைத்திருந்தது. அடுத்த தலைமுறையில் திரை விலகியது. அவர் மூதாதை என்று கண்டது அதைத்தான்.

கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் வேறொரு புதிர் இருந்தது. வரிகள் கொண்ட பிளைமவுத் ராக் இனத்தில் சேவல் எப்போதும் பெட்டையைவிட வெளிறியிருக்கும். கண்காட்சி இலக்கணமோ இரண்டும் ஒரே சாயலில் இருக்க வேண்டும் என்றது. வளர்ப்பாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பரிசுக்குரிய சேவலைப் பெற ஒரு குடும்பமும், பரிசுக்குரிய பெட்டையைப் பெற வேறொரு குடும்பமும் தனித்தனியாக வளர்த்தார்கள். மேடையில் கணவனும் மனைவியும்போல் அருகருகே நின்ற சோடி, உண்மையில் இரண்டு வெவ்வேறு வம்சங்கள். இயற்கையின் ஒரு சிறு எண்கணிதத்தை மறைக்க இத்தனை உழைப்பு.

அந்த எண்கணிதம் இதுதான். நம்மில் ஆணுக்கு எக்ஸ், ஒய் என்று இரு வேறு குரோமோசோம்கள். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். பறவைகளில் இது தலைகீழ். சேவலுக்கு இரண்டு இசட்; பெட்டைக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. வரிகளை உண்டாக்கும் மரபணு இசட்டில் இருக்கிறது, டபிள்யூவில் இல்லை. எனவே சேவல் இரண்டு பங்கு வரியைப் பெறலாம். பெட்டைக்கு ஒரு பங்குதான். இரு பங்கு பெற்ற சேவலில் வெண்மை கூடுகிறது. பெட்டை தன் ஒரே இசட்டைத் தந்தையிடமிருந்து மட்டுமே பெறும் என்பதால் இன்னொன்றும் விளைகிறது: கறுப்புச் சேவலை வரிப் பெட்டையோடு சேர்த்தால் மகன்கள் எல்லாம் வரியோடும் மகள்கள் எல்லாம் கறுப்பாகவும் பிறப்பார்கள். தாயின் கோலம் மகனுக்கு, தந்தையின் கோலம் மகளுக்கு. கோதுமையில் மெண்டலின் விகிதங்களைத் தானாகவே கண்டிருந்த வில்லியம் ஸ்பில்மேன், 1908-இல் வரிக்கோழிகளின் கணக்கைப் பாலோடு இணைத்து விளக்கினார். மோர்கனின் வெள்ளைக்கண் பழ ஈ வந்தது 1910-இல்தான் என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். பாடநூல்கள் ஈயைத்தான் நினைவில் வைத்திருக்கின்றன.

பிறகு போர் வந்தது. 1917-இல் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடிக்க, இங்கிலாந்தில் தானியம் அரிதாயிற்று. கோழித்தீவனமும் மனிதர் உணவும் ஒரே மூட்டையிலிருந்து வந்தன. உணவு உற்பத்தித் துறையில் பணிபுரிந்த பன்னெட் இதை யோசித்தார். முட்டைக்காக வளர்க்கும் குஞ்சுகளில் பாதி சேவல்கள். அவை சேவல் என்று தெரிவதற்கே சில வாரங்கள் ஆகும். அதுவரை தின்பது வீண். பொரித்த அன்றே தெரிந்துவிட்டால்? வழி அவர் கையிலேயே இருந்தது. வரி போலவே வெள்ளி என்ற நிறமும் இசட்டில் இருக்கிறது. பொன்னிறச் சேவலை வெள்ளி நிறப் பெட்டையோடு, சான்றாக ரோட் ஐலண்டு ரெட் சேவலை லைட் சசெக்ஸ் பெட்டையோடு, சேர்த்தால் ஆண்குஞ்சு வெளிர் மஞ்சள், பெண்குஞ்சு பழுப்பு. ஓடு உடைந்து ஈரம் காய்ந்ததும் கூடையைப் பார்த்தே பிரிக்கலாம். பிரித்து, வேண்டாதவற்றைக் கழித்துவிடலாம்.

இக்கலப்பில் ஒரு குறை. அடுத்த தலைமுறையில் பலிக்காது. ஒவ்வொரு முறையும் இரு தூய இனங்களிலிருந்து தொடங்க வேண்டும். பன்னெட்டும் மைக்கேல் பீஸும் இதற்கும் மருந்து கண்டார்கள். வரிப் பிளைமவுத் ராக்கின் வரியைப் பொன்னிறக் கேம்பைன் இனத்துக்குள் கொண்டுபோய் 1929-இல் கேம்பார் என்ற புதிய இனத்தை உண்டாக்கினார்கள். முதுகில் கோடுள்ள பழுப்புக் குஞ்சில் ஒரு பங்கு வரி விழுந்தால் கோடு அப்படியே நிற்கும்; இரு பங்கு விழுந்தால் கலங்கி வெளிறும். இனத்துக்குள்ளேயே, தலைமுறைதோறும், ஆணும் பெண்ணும் பிறக்கும்போதே தம்மை அறிவித்துக்கொள்ளும். பின்னர் வந்த லெக்பார் அதன் தங்கை. அறிவுக்கூர்மைக்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டு இத்துறையில் இல்லை என்பது நம் எண்ணம். ஆனால் சந்தை வேறு பக்கம் போயிற்று. ஜப்பானிய ஆய்வாளர்கள் மசுயியும் அவர் தோழர்களும், குஞ்சின் கழிவுவாயைத் திறந்து ஒரு நுண்ணிய மேட்டைக் கண்டு பால் அறியும் முறையை 1920களில் வகுத்திருந்தார்கள். பயின்ற விரல்கள் எந்த இனத்தையும் பிரித்தன. நிறம் பற்றிய கவலையே வேண்டியிருக்கவில்லை.

இதே ஆண்டுகளில் இரஷ்யாவில் அலெக்சாந்தர் செரெப்ரோவ்ஸ்கி, காக்கசஸ் மலைப்புறத்துத் தாகெஸ்தானில் ஊர்ஊராகச் சென்று நாட்டுக்கோழிகளின் கொண்டையையும் நிறத்தையும் பதிந்தார். எந்தப் பள்ளத்தாக்கில் எந்த மரபணு எவ்வளவு என்று வரைபடம் போட்டார். ஒரு நாட்டின் மரபணுக்களை அந்நாட்டின் நிலக்கரி, எண்ணெய் போன்ற ஒரு செல்வமாகக் கருத வேண்டும் என்ற எண்ணத்தில், மரபணுச் சேமம் என்ற கருத்தை அவர் முன்வைத்தார். பரிசுக் கோழிகளை விட்டுவிட்டு வாசற்கோழிகளை எண்ணியவர் என்பதால் நமக்கு அவர்மேல் தனிப் பரிவு உண்டு. லைசென்கோவின் ஆட்கள் அவரைத் தொடர்ந்து தாக்கினார்கள். 1948 ஜூனில் அவர் இறந்தார். அதே ஆகஸ்டில் சோவியத் நாட்டில் மரபியலே தடை செய்யப்பட்டது.

இறகுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிய நூற்றாண்டு முடிய வேண்டியிருந்தது. நிறமிகள் இரண்டே: கறுப்பும் பழுப்பும் தருவது ஒன்று, செம்மையும் பொன்னும் தருவது மற்றொன்று. எதை உண்டாக்குவது என்று நிறமிச் செல்லுக்குச் சொல்லும் விசைகளில் ஒன்று எம்சி1ஆர் என்ற மரபணு. இறகு நுனியிலிருந்து வேர் நோக்கி வளர்வதால், அதன் நீளம் என்பது காலம். வரிக்கோழியின் இறகில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வருவது, நிறமிச் செல்கள் சில நாள் உழைத்து, முதிர்ந்து தீர்ந்துபோய், மீண்டும் புதியவை வந்து உழைத்த கதை. சிடிகேஎன்2ஏ என்ற மரபணுவின் மாற்றம் இதற்குக் காரணம். மனிதரில் இது தோல் புற்றுநோயோடு தொடர்புடையதாக அறியப்பட்ட மரபணு.

கோழியின் முழு மரபணுத்தொகை 2004-இல் வெளியானது. அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது டார்வினின் செந்நிறக் காட்டுக்கோழியே. அதே ஆண்டு, லெக்ஹார்னின் ஓங்கு வெள்ளைக்குக் காரணம் பிஎம்இஎல்17 என்ற மரபணுவில் புகுந்த ஒன்பது எழுத்துகள் என்று சுவீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். 2006-இல் ஒடுங்கு வெள்ளையின் காரணம் தெரிந்தது. எப்போதோ தொற்றிய ஒரு வைரசின் துண்டு, நிறமி ஆக்கும் மரபணுவின் நடுவே குடியேறியிருந்தது. வெள்ளி நிறத்தின் மரபணு 2007-இல் பிடிபட்டது. இந்த வரிசையில் நம்மைச் சங்கடப்படுத்திய ஒரு முடிவும் உண்டு. வெள்ளையும் நிறமும் கலந்த கூட்டத்தில், மற்றக் கோழிகளால் இறகு கொத்தப்பட்டுத் துன்புறுவது பெரும்பாலும் நிறமுள்ளவையே என்று 2004-இல் ஓர் ஆய்வு காட்டியது.

டார்வினின் ஒற்றை மூதாதைக் கொள்கையும் 2008-இல் ஆட்டம் கண்டது. பல வளர்ப்பினங்களின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு வடிவம் செந்நிறக் காட்டுக்கோழியிலிருந்து வந்ததன்று. சாம்பல் நிறக் காட்டுக்கோழியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று லைஃப் ஆண்டர்சனின் ஆய்வுக்குழு காட்டியது. தென்னிந்தியக் காடுகளின் பறவை அது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைச்சரிவுகளில் விடியலில் கரகரத்துக் கூவும் அதே கோழி. உலகெங்கும் பண்ணைகளில் நிற்கும் மஞ்சள் கால்களில் நம் மலையின் பங்கு இருக்கிறது.

பன்னெட்டின் போர்க்காலக் கணக்குக்கு மீண்டும் வருவோம். அவர் காலத்தில் பிழைத்த சேவற்குஞ்சு இறைச்சியாகவேனும் பயன்பட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் முட்டைக்கு ஓரினம், இறைச்சிக்கு ஓரினம் என்று கோழிகள் பிரிக்கப்பட்டபோது, முட்டையினத்துச் சேவல் எதற்கும் ஆகாததாயிற்று. பழுப்பு முட்டைக் கோழிகளை இன்றும் அதே பொன், வெள்ளிக் கலப்பில்தான் உண்டாக்குகிறார்கள். பொரிப்பகத்தின் ஓடும் பட்டையில் பழுப்புக் குஞ்சுகள் ஒரு பெட்டிக்கும், மஞ்சள் குஞ்சுகள் அரவை இயந்திரத்துக்கோ நச்சுவாயுவுக்கோ போகின்றன. முறை எதுவானாலும், பிறந்த அன்றே கொல்லப்படும் சேவற்குஞ்சுகள் உலக அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 கோடி என்று மதிப்பிடுகிறார்கள். ஜெர்மனியில் மட்டும் 4.5 கோடியாக இருந்தது. அந்நாடு 2022 ஜனவரி முதல் நாளிலிருந்து அதைத் தடை செய்தது. பிரான்ஸ் அடுத்த ஆண்டு பின்தொடர்ந்தது.

தடைக்குப் பின் வந்த கருவிகளில் ஒன்று முட்டைக்குள்ளேயே பால் அறிகிறது. அடைவைத்த 13-ஆம் நாள் வாக்கில் கருவின்மேல் இறகு அரும்பத் தொடங்கியிருக்கும். ஓட்டின் வழியே வலிய ஒளியைப் பாய்ச்சி, வெளிவரும் ஒளியின் அலைவரிசைகளைப் பிரித்து, உள்ளே இருப்பது பழுப்பா மஞ்சளா என்று இயந்திரம் படிக்கிறது. மஞ்சளாக இருந்தால் அந்த முட்டை பொரிக்கப்படுவதில்லை. பொன்னிறச் சேவல், வெள்ளிப் பெட்டை என்ற பழைய சேர்க்கையைத்தான் அதுவும் நம்பியிருக்கிறது. வெள்ளை முட்டையிடும் லெக்ஹார்ன் வழிக் கோழிகளிடம் அக்கருவி செல்லாது. அங்கே ஓங்கு வெள்ளை ஆணையும் பெண்ணையும் ஒன்றுபோல் மூடி நிற்பதால், ஓட்டில் நுண்துளையிட்டு ஒரு துளி நீரெடுத்துச் சோதிப்பது போன்ற வேறு வழிகளை நாடுகிறார்கள்.